ஒலி கேட்கிறது, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை: செவித்திறன் இழப்பும் திசை அறிதலும் (விவாத இழை)

வண்ணைமகள் (பழைய வண்ணாரப்பேட்டை):

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. இடது காதில் பெருமளவு கேட்புத்திறன் போய்விட்டது. வலது காதில் வயதுக்குரிய சிறு குறைவு மட்டுமே இருப்பதாக ஆடியோகிராமில் (செவித்திறன் சோதனை வரைபடத்தில்) வந்திருக்கிறது. அதைப் பார்த்த ஒவ்வொருவரும் "ஒரு காது நன்றாகத்தானே இருக்கிறது, எதிரில் நின்று பேசினால் புரிந்துகொள்கிறாரே" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். பேச்சு அவருக்குப் புரிகிறது என்பது உண்மைதான். எங்களுக்குக் கவலை தருவது வேறு.

நாங்கள் இருப்பது ஒட்டுக்குடித்தனம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால், அம்மா எழுந்து வந்து எங்கள் அடுப்பை அணைக்கிறார். எங்கள் குக்கர் அடித்தால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். கைப்பேசி மேசைமேல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அலமாரியைத் திறந்து தேடுகிறார். இவை வீட்டுக்குள் நடப்பவை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் தெருவில் இடப்பக்கமாக வந்த இருசக்கர வாகனம் ஹாரன் அடித்தபோது, வலப்பக்கம் வண்டி வருவதாக எண்ணி இடப்பக்கமே ஒதுங்கினார். ஓட்டி வந்த பையன் சமாளித்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தனியாக அனுப்ப அதன்பிறகு மனம் வரவில்லை.

ஒலி காதில் விழுகிறது, ஆனால் அதன் திசை மட்டும் தவறிப்போகிறது என்றால் அதற்கு என்ன காரணம்? காது மெஷின் வைத்தால் இது சரியாகுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செவியியலர் (பெரம்பூர்):

வணக்கம் சகோதரி. உங்கள் தாயாரிடம் நீங்கள் கவனித்திருப்பது ஒரு காது இழப்பின் நேரடி விளைவு. மறதியோ கவனக்குறைவோ அன்று. இதைக் குடும்பத்தினர் அனைவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இத்தகையோர் வீட்டில் அதிகம் கேட்கும் சொல் "எங்கே பார்க்கிறாய்" என்பதாகவே இருக்கிறது.

கண்ணில் விழும் பிம்பத்திலேயே ஒரு பொருள் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்ற தகவல் அடங்கியிருக்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது. உட்காது ஒலியைச் சுருதிவாரியாகப் பிரிக்கிறதே தவிர, திசைவாரியாகப் பிரிப்பதில்லை. திசையை மூளைதான் இரண்டு காதுகளிலிருந்தும் வரும் தகவலை ஒப்பிட்டுக் கணக்கிட்டுக்கொள்கிறது. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை முதலில் அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு சற்றுத் தாமதமாக இடது காதை அடைகிறது. இந்தத் தாமதம், ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வரும்போதுகூட, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை, ஏறத்தாழ 0.6 முதல் 0.7 மில்லி நொடி வரைதான். அதிலும் மிகச் சிறிய வேறுபாட்டை, ஏறக்குறைய ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கை, நம் மூளைத்தண்டிலுள்ள நரம்பணுக்கள் உணர்ந்துவிடுகின்றன. நேர் எதிரே இருக்கும் ஒலியில் 1 பாகை அளவு இடமாற்றத்தைக்கூட நல்ல செவித்திறன் உள்ளவரால் கண்டுகொள்ள முடியும் என்பது 1950களிலேயே அளந்து நிறுவப்பட்ட உண்மை.

இரண்டாவது தகவல் ஒலியின் வலு. சுருதி உயர்ந்த ஒலியின் அலைநீளம் தலையின் அகலத்தைவிடக் குறைவாக இருப்பதால், தலையே அதற்குத் தடுப்பாகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4000 அதிர்வு) ஒலியின் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. இத்தகைய ஒலிகளில் மறுபக்கக் காதுக்கு 20 டெசிபல் வரை குறைவாகக் கேட்கும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் நீளமுடையது. அது தலையை எளிதாகச் சுற்றிக்கொண்டு போய்விடும், அங்கே வலு வேறுபாடு உதவாது. எனவே ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே நேர வேறுபாட்டையும் அதற்கு மேலே வலு வேறுபாட்டையும் மூளை நம்பியிருக்கிறது. இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் முன்வைத்த இந்த விளக்கம் பெருமளவுக்கு இன்றும் நிற்கிறது.

ஒரு காது போய்விட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. எந்த ஒலியானாலும், நன்றாக உள்ள காதின் பக்கமிருந்தே வருவதாகத் தோன்றும். உங்கள் தாயார் வலப்பக்கம் வண்டி வருவதாக எண்ணியது இதனால்தான்.

காசிமேட்டுக்காரன்:

ஐயா சொல்வதை மறுத்துப் பேச நான் படித்தவன் இல்லை. ஆனாலும் என் அனுபவம் இதற்கு மாறாக இருப்பதால் எழுதுகிறேன். ஐந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது எனக்கு இடது காது முற்றிலும் போய்விட்டது. இப்போது வயது 47. துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும் இடத்தில்தான் என் பிழைப்பு. நான்கு பக்கமும் கூவிக்கொண்டிருப்பார்கள், ஐஸ் உடைப்பார்கள், கூடை வண்டி இழுப்பார்கள். யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் பெரும்பாலும் சரியாகவே திரும்பிவிடுகிறேன். ஒரு காதை வைத்துக்கொண்டு திசையே தெரியாது என்று சொன்னால், என்னைப் போன்றவர்கள் இத்தனை காலம் எப்படித் தொழில் செய்தோம்?

செவியியலர் (பெரம்பூர்):

அண்ணா, உங்கள் அனுபவம் உண்மையானது. அதை மறுக்கவே மாட்டேன். சிறு வயதிலேயே ஒரு காதை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் வியக்கத்தக்க அளவுக்குத் திசை அறிகின்றனர் என்பது ஆய்வுகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நான் மேலே விட்டுவிட்ட மூன்றாவது தகவலைச் சொன்னால் அதன் காரணம் விளங்கும்.

காதுமடலின் மடிப்புகளும் குழிவுகளும் ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் ஒவ்வொரு விதமாக மாற்றியமைத்தே உள்ளே அனுப்புகின்றன. மேலிருந்து வரும் ஒலியில் சில உயர் சுருதிகள் தேய்ந்தும், முன்னிருந்து வருவதில் வேறு சில எழுந்தும் இருக்கும். மேலா கீழா, முன்னா பின்னா என்பதை நாம் அறிவது பெருமளவு இதைக் கொண்டுதான். தலைக்கு நேர் முன்னும் நேர் பின்னும் உள்ள ஒலிகள் இரு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே வலுவில் அடைவதால் அங்கே முதல் இரண்டு தகவல்களும் பயன்படா. இந்த மடல் தகவலுக்கு ஒரு காதே போதும். ஒரு காதுடன் வளர்ந்த உங்கள் மூளை, இதையே இட வலம் அறியவும் பயன்படுத்தப் பழகியிருக்கக்கூடும்.

இது கற்கக்கூடியது என்பதற்கு 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல சான்று. செவித்திறன் குறையில்லாத சிலரின் காதுமடல் குழிவுகளில் வார்ப்பு ஒன்றைப் பொருத்தி மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். மேல் கீழ் அறியும் திறன் உடனே குலைந்தது. வார்ப்புடன் அன்றாட வாழ்க்கையை நடத்திய சில வாரங்களில் அது திரும்பி வந்தது. வார்ப்பை எடுத்தபின் பழைய காதுகளைக் கொண்டும் அவர்களால் சரியாகவே அறிய முடிந்தது. புதியதைக் கற்றதால் பழையது அழியவில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏலக்கூடத்தில் கூப்பிடுபவர்கள் உங்களுக்குப் பழகிய குரல்கள் அல்லவா? யார் வழக்கமாக எங்கே நிற்பார், அவர் குரல் எவ்வளவு உரக்க இருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பழகிய குரல் மங்கிக் கேட்டால் அது இடப்பக்கம், தெளிந்து கேட்டால் வலப்பக்கம் என்று முடிவு செய்துவிடலாம். பழகாத ஒலியில் இந்த வழி ஏமாற்றும், ஏனென்றால் இடப்பக்கம் அருகில் இருக்கும் பெரிய ஒலியும் வலப்பக்கம் தொலைவில் இருக்கும் சிறிய ஒலியும் உங்கள் வலது காதுக்கு ஒரே அளவாகவே வந்து சேரும்.

காசிமேட்டுக்காரன்:

நீங்கள் கேட்டபின் யோசித்துப் பார்த்தேன். கூடத்தில் தடுமாறுவதில்லை. ஆனால் வெளியூரில் பேருந்து நிலையத்தில் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு சுற்று சுற்றித்தான் கண்டுபிடிக்கிறேன். கடலுக்குப் போன நாட்களில், இருட்டில் அடுத்த படகின் இன்ஜின் சத்தம் எந்தப் பக்கம் என்பதை மற்றவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்வேன். நீங்கள் சொல்லும் வேறுபாடு சரியாகத்தான் இருக்கிறது.

இந்தத் தங்கையின் தாயாருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று. ஒலி கேட்டவுடன் கால் எடுத்து வைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, தலையை மட்டும் மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். தலை திரும்பும்போது சத்தம் கூடுவதையும் குறைவதையும் வைத்து ஓரளவு பிடிபடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

செவியியலர் (பெரம்பூர்):

மிகச் சரியான ஆலோசனை. இரு காதும் நன்றாக உள்ளவர்கள்கூட முன் பின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது தலையைச் சிறிது அசைத்துத்தான். ஒரு வரம்பை மட்டும் சேர்க்கிறேன்: தலையைத் திருப்பி முடிக்கும் வரை ஒலி நீடிக்க வேண்டும். ரயிலின் நீண்ட ஹாரனுக்கு இது பொருந்தும். ஒரு முறை 'பீப்' என்று அடித்துவிட்டு முந்திச் செல்லும் வண்டிக்கு நேரம் போதாது. அங்கே அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு.

யார்டு மேற்பார்வையாளர் (மணலி):

எங்கள் பக்கமிருந்தும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டெய்னர் யார்டில் டிரெய்லர், ஃபோர்க்லிஃப்ட், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் ஆகிய எல்லா வண்டிகளிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே சுருதியில் 'பீம் பீம்' என்று அடிக்கும் அலாரம்தான் இருக்கிறது. அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போது, செவித்திறன் குறை இல்லாத இளைஞர்களுக்கே அது எந்த வரிசையிலிருந்து வருகிறது என்பது தெரிவதில்லை. பல ஆண்டுகள் இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு நேர் பேச்சு நன்றாகவே கேட்கிறது. ஆண்டுச் சோதனையில் "லேசான குறைவு" என்று மட்டுமே எழுதி வருகிறது. அப்படிப்பட்ட ஒருவர் பின்னால் வரும் வண்டியை முன்னால் வருவதாக எண்ணிப் பின்வாங்கியதை நான் நேரில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். இரண்டு காதிலும் சமமான லேசான குறைவு இருக்கும்போது திசை ஏன் கெடுகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். காதுக்கவசம் போடச் சொன்னால் "வண்டி வரும் திசை தெரியாது" என்று கழற்றிவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

செவியியலர் (பெரம்பூர்):

ஐயா, உங்கள் தொழிலாளர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. மடலை முழுவதும் மூடும் கவசம் மடல் தகவலை அடியோடு அழித்துவிடுவதால் முன் பின் குழப்பம் கூடும். காதுக்குள் வைக்கும் அடைப்பான்களிலும் இழப்பு உண்டு, ஆனால் பொதுவாகச் சற்றுக் குறைவு. அதற்காகக் கவசத்தைக் கைவிட்டால், இரைச்சல் அந்தத் திறனை நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டுவிடும். நடப்பவர்களும் வண்டிகளும் ஒரே பாதையைப் பயன்படுத்தாதபடி பிரிப்பதும், வண்டியில் சுழல் விளக்கு வைப்பதும், கவசத்துடன் சேர்ந்தே செய்யப்பட வேண்டியவை.

லேசான குறைவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தாக்கி அங்கிருந்து பரவுகிறது. பேச்சின் பெரும் வலு அதற்குக் கீழே இருப்பதால் அமைதியான அறையில் பேச்சு புரிந்துவிடுகிறது. ஆனால் தலையின் தடுப்பால் கிடைக்கும் வலு வேறுபாடும் மடல் தரும் தகவலும் அந்த உயர் சுருதிகளில்தான் இருக்கின்றன. வயதால் வரும் இழப்பும் அதே உயர் சுருதிகளிலிருந்தே தொடங்குகிறது. வண்ணைமகளின் தாயாருக்கு வலது காதில் உள்ள "வயதுக்குரிய சிறு குறைவு" ஏன் சிறிதன்று என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒற்றைக் காதை நம்பியிருப்பவருக்கு அந்தக் காதின் உயர் சுருதிகள்தான் கடைசி ஆதாரம்.

ரிவர்ஸ் அலாரம் பற்றி நீங்கள் எழுதியது மிக முக்கியமானது. நேர வேறுபாடும் சரியாக உதவாமல், வலு வேறுபாடும் போதிய அளவு எழாமல் இருக்கும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான இடைவெளியில்தான் மனிதர் திசையில் மிகவும் தவறுகின்றனர். இது 1930களிலிருந்தே அறியப்பட்ட செய்தி. ஒரே சுருதியில் அடிக்கும் அலாரங்கள் பல இந்த இடைவெளியையோ அதை ஒட்டிய பகுதியையோ சேர்ந்தவை. பல சுருதிகள் கலந்து 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று ஒலிக்கும் அலாரங்களும் கிடைக்கின்றன. அவற்றில் மூன்று வகைத் தகவலும் இருப்பதால் திசை எளிதில் பிடிபடுகிறது. உங்கள் நிர்வாகத்திடம் இதை வலியுறுத்துங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதையும் நினைவூட்டலாம்.

வண்ணைமகள்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி ஐயா. நேற்று ஒரு கருவி விற்பனை நிலையத்திற்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். இடது காதில் மைக்கும் வலது காதில் ரிசீவரும் வைக்கும் ஒரு ஜோடியைக் காட்டி, "இதை மாட்டினால் இரண்டு காதும் கேட்கும், திசையும் தெரிந்துவிடும்" என்றனர். விலை எங்கள் சக்திக்கு மீறியது. திசை தெரியும் என்பது உறுதியானால் கடன் வாங்கியாவது வாங்கிவிடுவோம்.

செவியியலர் (பெரம்பூர்):

பொறுங்கள் சகோதரி. அவர்கள் காட்டியது கிராஸ் எனப்படும் வகை. இடப்பக்க ஒலியைப் பிடித்துக் கம்பியில்லாமல் வலது காதுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இடப்பக்கம் அமர்ந்து பேசுபவரின் சொற்களைத் தவறவிடாமல் இருக்க அது பயன்படும். ஆனால் எல்லா ஒலியும் கடைசியில் ஒரே காதுக்குள்தான் போகிறது. மூளைக்கு ஒப்பிட இரண்டாவது காது அப்போதும் கிடைப்பதில்லை. எனவே திசை அறியும் திறனை அது மீட்பதில்லை. எலும்பு வழியே ஒலியைக் கடத்தி மறுபக்க உட்காதுக்குக் கொண்டுசேர்க்கும் கருவிகளுக்கும் இதே வரம்பு உண்டு. திசைக்காக என்று சொல்லி விற்பது தவறு.

முதலில் தெரிய வேண்டியது, இடது காதில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது. ஒலியைப் பெருக்கிக் கொடுத்தால் அந்தக் காதால் சொற்களை அடையாளம் காண முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். முடிந்தால், அந்தக் காதிலேயே தக்க கருவியை வைத்து, வலது காதுக்கும் தேவையெனில் ஒன்று வைத்துப் பார்க்கலாம். அப்போதுதான் இரு பக்கத் தகவல் என்று ஒன்று உருவாகும். ஆயினும் முழுமையை எதிர்பார்க்க வேண்டாம். காதுக்குப் பின்னால் வைக்கும் கருவியில் மைக் மடலுக்கு மேலே இருப்பதால் மடல் தகவல் கிடைக்காது. இரண்டு கருவிகளும் தனித்தனியே உரத்த ஒலியைக் குறைத்தும் மெல்லிய ஒலியைக் கூட்டியும் கொடுத்தால் இயற்கையான வலு வேறுபாடு மழுங்கிவிடும். ஒன்றோடொன்று தொடர்புகொண்டு இயங்கும் ஜோடிகளில் இந்தக் குறை சற்று மட்டுப்படும். பழகுவதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

இடது காது கருவிக்குப் பயன்படாத நிலையில் இருந்தால், காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை மூலம் உட்காதில் பொருத்தி, செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி) ஒரு வழி. ஒரு பக்கம் மட்டும் கேளாதவர்களுக்கு இதைப் பொருத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அனுமதி அளித்தது. அதைப் பொருத்திக்கொண்ட பலருக்கு இட வல வேறுபாடு ஓரளவு திரும்புகிறது, முக்கியமாக வலு வேறுபாட்டைக் கொண்டு. செலவு பல லட்சம். நம் மாநிலக் காப்பீட்டுத் திட்டம் முதன்மையாகச் சிறு குழந்தைகளை நோக்கியே இந்தச் சிகிச்சையை வழங்குகிறது. காது கேளாமை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதும் பலனைப் பெரிதும் தீர்மானிக்கும்.

ஆசிரியை (திருவொற்றியூர்):

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு ஒரு காது கேளாது. பெற்றோர் மாற்றுத்திறனாளி சான்றுக்கு முயன்றபோது கிடைக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதுகளிலும் 60 டெசிபல் முதல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறை உடையவராகக் கணக்கில் எடுக்கிறது. ஒரு காது முழுமையாகப் போனவர் அந்த வரையறைக்குள் வருவதே இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்கும்போது அவன் யார் பேசுகிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிக் கேள்வி முடிந்துவிடுகிறது. விளையாட்டு மைதானத்தில் "பந்து, பந்து" என்று கூவினால் தவறான பக்கம் ஓடுகிறான். இப்போது அவனை, கேட்கும் காது வகுப்பை நோக்கி இருக்கும்படி சுவர் ஓரத்தில் அமர்த்தியிருக்கிறேன், பேசும் மாணவர் கையை உயர்த்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சட்டத்தில் இந்தக் குழந்தைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொரு கேள்வி. என் தம்பிக்குச் சில நாட்களுக்கு முன் தூங்கி எழுந்தபோது ஒரு காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது, கூடவே இரைச்சலும். மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

செவியியலர் (பெரம்பூர்):

காத்திருக்கவே கூடாது அம்மா. இன்றே இ.என்.டி. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அழுக்கு அடைத்திருந்தால் எளிதில் எடுத்துவிடுவார்கள். ஆனால் மூன்று நாட்களுக்குள் திடீரென்று ஏற்படும் நரம்பு வழி இழப்பாக இருந்தால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவில், முடிந்தவரை முதல் இரண்டு வாரங்களுக்குள், தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. இந்த இழையில் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு காது இழப்பு பலருக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

வண்ணைமகள்:

கிராஸ் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். இடது காதுக்குச் சொல் அடையாளச் சோதனை செய்ய நேரம் வாங்கியிருக்கிறேன். மருத்துவரிடம் திசை அறியும் சிக்கலை எப்படி எடுத்துச் சொல்வது? ஆடியோகிராமில் அது தெரிவதில்லையே.

செவியியலர் (பெரம்பூர்):

தெரியாது. ஹெட்ஃபோன் மாட்டி ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிப்பதுதான் ஆடியோகிராம். இரு காதுகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அது அளப்பதில்லை. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்ஹவுஸ், நோபிள் என்ற செவித்திறன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு வினாப்பட்டியல் உண்டு. பேச்சு, இடவுணர்வு, ஒலித்தரம் என்று மூன்று பகுதிகள் கொண்டது. இரண்டாவது பகுதி முழுவதும் ஒலி எத்திசையில், எவ்வளவு தொலைவில், நெருங்குகிறதா விலகுகிறதா என்பதைப் பற்றியது. அதை நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால், அம்மா எந்த ஒலியில், எந்தப் பக்கம், எந்த இடத்தில் தவறுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கருவியைச் சோதனைக்குக் கொடுக்கும் காலத்தில் அதே தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். கடையின் அமைதியான அறையில் "நன்றாகக் கேட்கிறதா" என்று கேட்டு முடிவு செய்துவிட வேண்டாம்.

வண்ணைமகள்:

அப்படியே செய்கிறேன் ஐயா. சோதனை முடிந்ததும் முடிவுகளை இங்கே பதிவிடுகிறேன்.